தீர்ப்பாயத்தில் எந்த வழக்கை எத்தனை பேர் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரித்துறை ஆணைகள் மீதான இரண்டாம் மேல்முறையீட்டைக் கேட்கும் சரக்கு மற்றும் சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். விருதுநகரில் விற்பனை வரிக் காலத்திலிருந்தே கணக்கும் மேல்முறையீடும் பார்த்துவரும் வரி ஆலோசகன் என்ற முறையில், அச்செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். தீர்ப்பாயத்தின் உறுப்பினர்கள் எப்படி அமர்வுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள், எந்த வழக்கை ஒருவர் கேட்கிறார், எதை இருவர் கேட்கிறார்கள் என்பதே அது. அலுவலக உள்விவகாரம் போலத் தோன்றும் இந்த ஏற்பாடுதான், ஒரு சிறு வியாபாரியின் வழக்கு சில மாதங்களில் முடியுமா, அவருடைய பிள்ளை காலம் வரை இழுக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இந்த அமர்வு முறையின் பின்னணியில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 2017 ஜூலை 1 அன்று வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநில அமர்வு ஒன்றில் நீதித்துறை உறுப்பினர் ஒருவரும், மத்திய அரசு சார்பில் ஒரு தொழில்நுட்ப உறுப்பினரும், மாநில அரசு சார்பில் மற்றொரு தொழில்நுட்ப உறுப்பினரும் இருப்பார்கள் என்றே சட்டம் சொன்னது. தொழில்நுட்ப உறுப்பினர் என்றதும் இயந்திரமோ கணினியோ தெரிந்தவர் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். வரித்துறையிலும் ஆட்சிப் பணியிலும் நீண்ட காலம் பணியாற்றிய உயர் அதிகாரிகளுக்குச் சட்டம் சூட்டியுள்ள பெயர் அது. ஆக, துறையின் ஆணையை எதிர்த்து வருபவரின் வழக்கை, துறையிலிருந்து வந்த இருவரும் நீதித்துறையிலிருந்து வந்த ஒருவரும் கேட்பார்கள் என்பதே முதலில் இருந்த ஏற்பாடு. வருவாய் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 20 அன்று அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்று அறிவித்தது. இருவர் அமர்வில் எப்போதும் நீதித்துறை உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், பெரிய அமர்வுகளில் தொழில்நுட்ப உறுப்பினர்களின் எண்ணிக்கை நீதித்துறை உறுப்பினர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2010-இலேயே, அதுவும் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், சொல்லியிருந்தது.

அதன் பிறகு சட்டத்தைத் திருத்த 2023 வரை ஆயிற்று. தீர்ப்பாயத்தின் தொடக்க விழா டெல்லியில் நடந்தது 2025 செப்டம்பர் 24 அன்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் முதல் மேல்முறையீட்டில் தோற்றவர்களுக்கு, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதைத் தவிர வேறு வாசல் இல்லை. அதற்குப் பணம் இல்லாதவர்களின் கோப்புகள் என்னைப் போன்றவர்களின் பீரோவில் தங்கிவிட்டன.

இப்போது உள்ள சட்டப்படி டெல்லியில் ஒரு முதன்மை அமர்வும் மாநிலங்களில் மாநில அமர்வுகளும் உண்டு. ஒவ்வொரு மாநில அமர்விலும் நீதித்துறை உறுப்பினர்கள் இருவர், மத்தியத் தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர், மாநிலத் தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர் என நால்வர். நம் மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகியவை அமர்வு நடக்கும் இடங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. புதுச்சேரியில் சுற்று அமர்வு, அதாவது உறுப்பினர்கள் அவ்வப்போது வந்து வழக்குகளைக் கேட்பது. பழைய விற்பனை வரித் தீர்ப்பாயத்துக்கும் மதுரையிலும் கோவையிலும் கூடுதல் அமர்வுகள் இருந்தன என்பதால், எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு மதுரை டிரிப்யூனல் என்பது புதிய சொல் இல்லை. காலை பஸ்ஸில் போய், வாதாடிவிட்டு, மாலை கடையடைப்பதற்குள் திரும்பிவிடலாம்.

நால்வரும் ஒன்றாக அமர்ந்து எந்த வழக்கையும் கேட்பதில்லை. பொதுவாக ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு தொழில்நுட்ப உறுப்பினரும் சேர்ந்து கேட்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு. வழக்கில் உள்ள வரி, உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது), அபராதம் முதலிய தொகை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாமலும், சட்டக் கேள்வி, அதாவது சட்டத்துக்கு என்ன பொருள், அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி, எதுவும் அடங்காமலும் இருந்தால், தீர்ப்பாயத் தலைவரின் ஒப்புதலோடு ஒரே உறுப்பினர் கேட்கலாம். நான் சொல்ல வந்த குறை இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருக்கிறது.

என் பீரோவில் உள்ள கோப்புகளில் ஒன்றைச் சொல்கிறேன். கட்சிக்காரர் எங்கள் ஊர் கடைத்தெருவில் மோட்டாரும் குழாயும் விற்பவர். 2018-19-ஆம் ஆண்டு வெளியூர் வியாபாரி ஒருவரிடம் மோட்டார்கள் வாங்கினார். பில்லில் போட்ட வரியோடு சேர்த்து முழுத் தொகையையும் வங்கி வழியாகவே கொடுத்தார். விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டவில்லை. கணக்கும் தாக்கல் செய்யவில்லை. ஆகவே இவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவு 4,12,000 ரூபாய் செல்லாது என்று 2024 ஏப்ரலில், காலக்கெடு முடியும் தறுவாயில், ஆணை வந்தது. துணை ஆணையரிடம் செய்த மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. முதல் மேல்முறையீட்டுக்குப் பத்து விழுக்காடு, தீர்ப்பாயத்துக்காக இன்னொரு பத்து விழுக்காடு என்று 82,400 ரூபாய் கட்டியிருக்கிறார். வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்தபோது, வரியை மட்டும் கட்டி முடித்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். ‘ஒரு தடவை கட்டின வரியை ரெண்டாந்தடவை எதுக்குக் கட்டணும்?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கோப்பில் பில் இருக்கிறது, சரக்கை ஏற்றி அனுப்பியதற்கான இ-வே பில் இருக்கிறது, லாரி ரசீது இருக்கிறது, வங்கிக் கணக்கின் நகல் இருக்கிறது, மோட்டார்கள் யாருக்கு விற்கப்பட்டன என்பதைக் காட்டும் இருப்புப் பதிவேடும் இருக்கிறது. சரக்கு உண்மையாகவே வந்ததா என்று பார்ப்பது முழுக்க முழுக்க நடந்ததைப் பற்றிய கேள்வி; ஒரே உறுப்பினர் ஒரு முற்பகலில் பார்த்து முடிவு சொல்லிவிடலாம். ஆனால் துறையின் ஆணையோ சட்டத்தின் 16-ஆம் பிரிவை மேற்கோள் காட்டுகிறது: விற்றவர் வரியை உண்மையாகவே அரசுக்குச் செலுத்தியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரவு கிடைக்கும் என்பது அங்கே உள்ள நிபந்தனைகளில் ஒன்று. விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியா என்ற கேள்வி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தபோது, விற்றவர் மீது உரிய நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் ஆணைகளை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆக, என் கட்சிக்காரரின் வழக்கில் சட்டக் கேள்வி உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கும். உண்டு என்று சொன்ன மறுகணமே, நான்கு லட்சம் ரூபாய் வழக்கு பல கோடி ரூபாய் வழக்குகள் நிற்கும் இருவர் அமர்வின் வரிசையில் போய் நிற்கும்.

வரி வழக்குகளில் சட்டக் கேள்வியே இல்லாத வழக்கு எது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு அதிகம் தோன்றவில்லை. பொருள் எந்த வரி விகிதத்தில் வரும் என்பது சட்டக் கேள்வி. நோட்டீஸ் இணையதளத்தின் எந்த மூலையில் போடப்பட்டது, அதை வியாபாரி பார்க்காமல் விட்டால் அது முறைப்படி அவரிடம் சேர்ப்பித்ததாகுமா என்பதும் சட்டக் கேள்வியே. விதிகளில் அண்மையில் சேர்க்கப்பட்டதன்படி, மனு வந்தவுடன் அதில் சட்டக் கேள்வி இருக்கிறதா என்று முதலில் ஆராய வேண்டும். இல்லை என்று ஒருவரிடம் அனுப்பிய பிறகும், விசாரணையின் நடுவே சட்டக் கேள்வி தலைகாட்டினால், வழக்கை மீண்டும் இருவர் அமர்வுக்கு மாற்ற அனுப்பி வைக்க வேண்டும். அதாவது ஒரு வழக்கைக் கேட்பதற்கு முன், அதை யார் கேட்பது என்று ஒரு வழக்கு. அனுபவமுள்ள அரசு வழக்கறிஞர் எவரும், தனக்கு வாதம் சரியாகப் போகவில்லை என்று கண்டால், இதில் சட்டக் கேள்வி இருக்கிறது என்று எழுந்து நிற்கலாம். நாங்களும் அதையே செய்வோம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

வருமான வரித் தீர்ப்பாயம் இந்தத் தொல்லையை வைத்துக்கொள்ளவில்லை. 1941 ஜனவரி 25 அன்று தொடங்கிய அந்தத் தீர்ப்பாயத்திலும் பொது விதி இதேதான்: நீதித்துறை உறுப்பினர் ஒருவர், கணக்கியல் உறுப்பினர் ஒருவர் என இருவர் அமர்வு. ஆனால் அங்கே தனி உறுப்பினர் அமர்வுக்கு வருமான வரம்பு ஒன்றுதான் அளவுகோல். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 255-ஆம் பிரிவு, வரி செலுத்துபவரின் மொத்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாவிட்டால் ஒரே உறுப்பினர் வழக்கை முடிக்கலாம் என்றது. அந்த வரம்பு 2016-இல் 15 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. சட்டக் கேள்வி இருக்கிறதா இல்லையா என்ற ஆராய்ச்சி அங்கே கிடையாது. முக்கியமான சட்டச் சிக்கல் என்று தலைவர் கருதினால் மூவரோ அதற்கு மேற்பட்டவரோ கொண்ட சிறப்பு அமர்வை அமைக்க முடியும். சென்னையில் தனி உறுப்பினர் முன் நான் நின்றிருக்கிறேன். சிறு கடைக்காரரின் ரொக்க வரவைப் பற்றிய வழக்குகள் அங்கே காலையில் வரிசையாக எடுக்கப்பட்டு மதிய உணவுக்குள் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக அமர்பவர் தொழில்நுட்ப உறுப்பினராக இருந்து, சட்டக் கேள்விக்கும் அவரே விடை சொன்னால், 2010-இலும் 2019-இலும் நீதிமன்றங்கள் எதைத் தடுத்தனவோ அதே நிலைமை பின்வாசல் வழியாக வந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் கோரிக்கையும் அதற்கு இடம் விட்டுத்தான்: 50 லட்சத்துக்கு உட்பட்ட வழக்கில் சட்டக் கேள்வி இருந்தால் அதை நீதித்துறை உறுப்பினர் தனியாக அமர்ந்து கேட்கட்டும், சட்டக் கேள்வி இல்லாததை இருதரப்பு உறுப்பினர்களில் யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். கணக்கு விவரம் புரிய அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற வாதம் கோடிக்கணக்கான ரூபாய் வழக்குக்குப் பொருந்தும். ஒரு பில்லையும் ஒரு லாரி ரசீதையும் ஒப்பிடுவதற்குப் பொருந்தாது. மாநில அமர்வில் நீதித்துறை உறுப்பினர்கள் இருவர் இருப்பதால் வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களை இதற்கென ஒதுக்குவது இயலாத காரியமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மத்திய மறைமுக வரி வாரியம் 2024 ஜூன் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்கில் மத்திய வரித்துறை தீர்ப்பாயத்துக்கே வராது. ஒரு கோடிக்கு உட்பட்டதில் உயர் நீதிமன்றத்துக்குப் போகாது. வியாபாரிக்கோ நான்கு லட்சத்துக்காக உயர் நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது. ஆக, சிறு வழக்குகளுக்கு நடைமுறையில் தீர்ப்பாயமே கடைசி வாசல். கடைசி வாசலில் இருப்பவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்பதோடு, அவரைச் சீக்கிரமாகப் போய்ச் சேரவும் முடிய வேண்டும்.

இருவர் அமர்வைப் பற்றியும் ஒரு விஷயம். நீதித்துறை உறுப்பினரோடு அமரும் தொழில்நுட்ப உறுப்பினர் மத்திய அரசைச் சேர்ந்தவரா, மாநில அரசைச் சேர்ந்தவரா என்று சட்டம் சொல்லவில்லை. வழக்குகளைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் தலைவருடையது. ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட விற்றுமுதல் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் மாநில அதிகாரிகளின் கீழ் வர வேண்டும் என்று 2017-இல் முடிவானது. எனவே சிறு வியாபாரிகளின் மேல்முறையீடுகளில் பெரும்பகுதி மாநில வணிக வரித்துறையின் ஆணைகளுக்கு எதிரானதாகவே இருக்கும். மாநிலத் தொழில்நுட்ப உறுப்பினராக வருபவர் கூடுதல் ஆணையருக்குக் குறையாத பதவியில் அதே துறையில் இருந்தவராக இருக்கலாம். அவர்மீது எனக்கு ஐயம் எதுவும் இல்லை. உள்ளூர் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது ஒரு வசதியும் கூட. ஆயினும் தன் துறையின் சுற்றறிக்கை சரியா என்று அவரே தீர்ப்புச் சொல்லும் நிலை வராமல் இருப்பது நல்லது. மாநில அதிகாரியின் ஆணையை எதிர்த்த வழக்கில் இயன்றவரை மத்தியத் தொழில்நுட்ப உறுப்பினரும், மத்திய அதிகாரியின் ஆணையை எதிர்த்ததில் மாநில உறுப்பினரும் அமர்வது என்று ஒரு பொது ஆணை போட்டுவிட்டால் போதும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

இருவர் அமர்ந்தால் கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். அப்போது வேறுபடும் கேள்விகளை எழுதித் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதே மாநிலத்தின் மற்றோர் அமர்வைச் சேர்ந்த உறுப்பினருக்கோ, அப்படி ஓர் அமர்வு இல்லையென்றால் வேறு மாநில அமர்வின் உறுப்பினருக்கோ அனுப்புவார். மூவரில் பெரும்பான்மையினர் சொல்வது முடிவு. முறை சரி. மூன்றாம் உறுப்பினர் எத்தனை நாளில் கேட்க வேண்டும் என்ற கெடு மட்டும் இல்லை. மேல்முறையீட்டுக்காக முன்கூட்டியே கட்டிய தொகை அதுவரை அரசிடமே இருக்கும் என்பதால், இதற்கும் ஒரு காலவரம்பு வேண்டும்.

கடைசியாக, சேவை எந்த இடத்தில் வழங்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்ற கேள்வி எந்த வழக்கில் ஒரு பகுதியாக இருந்தாலும் அதை டெல்லி முதன்மை அமர்வு மட்டுமே கேட்கும் என்ற விதி. நாடு முழுவதற்கும் ஒரே பதில் வேண்டும் என்ற காரணம் புரிகிறது. ஆனால் அந்த அமர்வின் தீர்ப்பை எதிர்க்க வேண்டுமானால் உயர் நீதிமன்றம் கிடையாது, நேராக உச்ச நீதிமன்றம்தான். தூத்துக்குடியில் கப்பல் முகவராகத் தொழில் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு இது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. காணொலி விசாரணைக்கு விதிகள் இடம் தருகின்றன. இத்தகைய வழக்குகளிலாவது அதைக் கேட்காமலேயே கொடுக்கலாம்.

சட்டக் கேள்வி பற்றிய நிபந்தனையை மாற்ற ஜி.எஸ்.டி. கவுன்சிலின் பரிந்துரையும் நாடாளுமன்றத்தின் திருத்தமும் வேண்டும். கவுன்சிலில் நம் மாநிலத்துக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அமர்பவர் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கோருகிறேன். அதுவரை, ஐம்பது லட்சத்துக்கு உட்பட்ட வழக்குகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, வாரத்தில் எந்த நாள், எந்த உறுப்பினர்கள் முன், எந்த ஊரில் அவை எடுக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்கத் தலைவரும் மாநில அமர்வுகளின் துணைத் தலைவரும் ஏற்பாடு செய்யலாம். மோட்டார் கடைக்காரர் என்னிடம் வாரம் ஒரு முறை போனில் கேட்பதும் அதைத்தான்: எந்தக் கிழமை, மதுரையா சென்னையா, யார் முன்னால்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
விருதுநகர்.